ஆஸ்பத்திரிச் சுவரில் உன் ஆறு

ஜன்னலோர சீட்டை எனக்கு ஒருநாளும் விட்டுக்கொடுக்காத என் அக்காவுக்கு,

நீ எடுத்த படத்தை ஆஸ்பத்திரியில் மாட்டியாகிவிட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று உனக்கே தெரியும். அலிப்பூரில் நீ கடைசியாகப் படுத்திருந்த அதே இடம்தான். ஐ.சி.யு.வுக்கு வெளியே நானும் உன் பெண் மிட்டுவும் காத்துக் கிடந்தோமே, அந்தக் கூடத்தின் மொட்டைச் சுவருக்கு ஒரு பெரிய படம் வேண்டுமென்று அவர்களே கேட்டார்கள். ஐஸ்லாந்துப் படத்தைக் கொடுக்கலாம் என்று மிட்டுதான் சொன்னாள். குட்டி விமானத்தின் ஜன்னலைத் திறந்துவைத்து, கை விறைக்க விறைக்க நீ எடுத்தது. பனிமலை உருகி வரும் ஆறு, கறுப்பு மணலில் கிளைகிளையாகப் பிரிந்து ஓடுகிற படம்.

சரி என்றுவிட்டேனே தவிர, அன்றிலிருந்து நிம்மதி இல்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதைப் பார்த்தாலும் பயம்தான். அன்று நர்ஸ் கதவைத் திறந்தாலே நான் எழுந்து நின்றுவிடுவேன். அப்படிப்பட்டவர்கள் கண்ணெதிரே ஆளுயரப் படத்தை வைக்கிறோமே, அது அவர்களை என்ன செய்யும்?

முந்தாநாள் படம் சுவரில் ஏறியது. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்துக்கு எது தலை, எது கால்? நீ எங்கேயும் குறித்துவைக்கவில்லை. காலமெல்லாம் மேப் ஆபீசில் குப்பை கொட்டியவள் நான், சும்மா இருப்பேனா? வரைபடத்தோடு ஒப்பிட்டு வடக்கைக் கண்டுபிடித்து, வடக்கு மேலே வரும்படி மாட்டச் சொன்னேன். அதில் கொஞ்சம் பெருமைகூட எனக்கு.

நேற்றே அங்கிருந்து போன். உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். நரம்பு புடைத்த மாதிரி இருக்கிறதே, யாருடைய ஸ்கேன் என்று ஒரு அம்மா அழுதுவிட்டாராம். இரண்டு நாள் பார்க்கிறோம், சரிப்படாவிட்டால் இறக்கிவிடுகிறோம் என்றார் மேனேஜர், தன்மையாகத்தான். எனக்கு உயிரே போய்விட்டது. உன்னிடம் போய் இப்படிச் சொல்கிறேன் பார்.

மிட்டுவிடம் சொன்னேன். நீ போனதிலிருந்து அந்த வாசலை மிதிக்காதவள், இன்று ஜாதவ்பூரில் காலேஜ் கிளாஸைப் பாதியில் விட்டுவிட்டு நேரே வந்து நின்றாள். படத்தைப் போனில் எடுத்தாள். போனைத் தலைகீழாகத் திருப்பினாள். சித்தி என்று கூப்பிட நீ எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் அவளுக்கு நான் மாஷிதான்.

"மாஷி, உல்ட்டோவா மாட்டிட்டே. ஆறு பள்ளத்துல தானே ஓடணும்? இதுல மேடா தெரியுது."

அவ்வளவுதான் விஷயம். அந்த ஊரில் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து விழுகிறது. வடக்கை மேலே வைத்தால் படத்தில் வெளிச்சம் கீழேயிருந்து வருகிறது. மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கே பழகின நம் கண்ணுக்குப் பள்ளமெல்லாம் மேடாகிவிடுகிறது. வீட்டில் உன் படங்களை நீ தெற்கு மேலே வரும்படி மாட்டியிருப்பது இதற்காகத்தானா? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

ஆட்களைக் கூப்பிட்டுத் திருப்பினோம். மணல் மேலே வந்தது, தண்ணீர் கீழே இறங்கியது. நான் மூச்சுவிடுவதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். அவர் மனைவி உள்ளே இருக்கிறாராம். யார் எடுத்த படம் என்று வங்காள மொழியில் கேட்டார். என் அம்மா என்றாள் மிட்டு. அம்மாவும் இங்கேதான் இருந்தாள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. குணமாகி வீட்டுக்குப் போனார்களா என்றார்.

அக்கா, என் நிலைமையை யோசித்துப் பார். குறுக்கே விழுந்து ஆமாம் என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். மிட்டு என் கையை அழுத்திப் பிடித்தாள். பிறகு அவரிடம் மெதுவாக வங்காள மொழியில் சொன்னாள்.

"இல்லை. அம்மா உள்ளே இருந்தப்போ நாங்க வெறும் சுவத்தையே பார்த்துக்கிட்டு இருந்தோம். உங்களுக்கு அப்படி இருக்க வேண்டாம்னுதான் இதைக் கொடுத்தோம்."

நீ இல்லை என்பதை அவள் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. பெரியவர் படத்துக்கு நேரே இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மிட்டுவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நர்ஸ் வந்து அவரை உள்ளே கூப்பிடும்வரை இரண்டு பேரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படம் இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. நாளைக்கு நான் போகும்போது அந்த நாற்காலி காலியாக இருந்தால், அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? யாரிடம் கேட்பேன்?

கேட்கிறேன். பார்க்காத மாதிரி திரும்பி வந்துவிட மாட்டேன். எதுவானாலும் மிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் விசாரித்து, உனக்கு எழுதுகிறேன்.

உன் கூடப்பிறந்த பயந்தாங்கொள்ளி