பெரகலச் சந்தியில் ஒரு மடக்கு நாற்காலி

பதுளை
09.02.2024

அன்பு மகன் கிரிஷாந்தனுக்கு,

முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையொன்றும் இல்லை. உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

நீ வேன் சாரதியிடம் கொடுத்தனுப்பிய ஏழு பேரின் வேலை ஒப்பந்தத் தாள்களையும் உறுதிப்படுத்தி முத்திரை குத்தாமல் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காரணத்தைத் தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன். "பிறகு பேசுவோம்மா" என்று இரண்டு தடவை வைத்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். நீயும் எழுத்தில் பதில் தா. தொலைபேசியில் சொன்னதை மறுநாள் சொல்லவில்லை என்பது உன் சிறுவயதுப் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை கொஸ்லந்தத் தோட்டத்திலிருந்து ஜெயலெட்சுமி என்ற பெண் வந்தாள். போன செப்டம்பரில் உன் முகவர் நிலையம் ரஷ்யாவுக்குச் சமையல் வேலைக்கென்று அனுப்பிய விமலராஜின் தாய். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சமையக்கட்டும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. கையில துவக்கக் குடுத்து, சண்டை போடச் சொல்லி குழிக்குள்ள எறக்கி விட்டிருக்காங்களாம். ரெண்டு நிமிசந்தான் பேசுனான். பின்னால வெடிச் சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் விரித்தாள். மகனுடைய ஒப்பந்தத்தின் பிரதி. கீழே என் கையொப்பம், என் முத்திரை.

"ஏஜென்சிக்காரன நான் நம்பலம்மா. நீங்க சீல் குத்தியிருக்கீங்கன்னு பாத்துட்டுத்தான் புள்ளைய விட்டேன்."

அந்த ஏஜென்சிக்காரன் என் மகன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மரியாதையாகத்தான் பேசினாள். நான் ஊற்றிக் கொடுத்த தேநீர் ஆடை படியும்வரை அப்படியே இருந்தது.

விமலராஜ் இப்போது எங்கே இருக்கிறான், அவனை நீ யார் கையில் ஒப்படைத்தாய் என்று எழுது. சுற்றி வளைத்து எழுதாதே.

அன்புடன் அம்மா,
சந்திரகாந்தி வீரசிங்கம்
சமாதான நீதவான்


வெள்ளவத்தை
17.02.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன், ஒழுங்காகத் தேயுங்கள். தட்டச்சு செய்து அனுப்புவதற்குக் கோபிக்க வேண்டாம். என் கையெழுத்தைப் பார்த்தால் அதற்கும் திட்டுவீர்கள்.

அந்தப் பெண் சொல்வதில் பாதிதான் உண்மையாக இருக்கும். நான் ஆட்களைத் துபாய் வரைதான் அனுப்புகிறேன். அதற்கு மேல் அங்குள்ள முகவரின் பொறுப்பு. சமையல் வேலை என்று அவர் சொன்னார், நான் நம்பினேன். முகாமில் சமைக்கப் போனவன் முகாமில்தான் இருப்பான், வெடிச் சத்தமும் கேட்கும். துவக்கு என்பதெல்லாம் பயத்தில் சொல்வது.

நான் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவர்களே வந்து என் வாசலில் நிற்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் மண்சரிவில் வீடு போன குடும்பம் விமலராஜுடையது. இன்னும் தகரத்தை ஒட்டுப்போட்டு இருக்கிறார்கள். கொழுந்து பறித்தா அதை மாற்றப் போகிறார்கள்?

அம்மா, இது யாரோ இரண்டு நாட்டுக்காரர்கள் போடும் சண்டை. பதுளையில் இருக்கும் எழுபத்தெட்டு வயது மனுசிக்கு அதில் என்ன வேலை? நீங்கள் முத்திரை குத்தாவிட்டால் போர் நின்றுவிடுமா? முத்திரை குத்த உங்களைப் போல வேறு ஜே.பி. கிடைக்காமல் உங்களிடம் வரவில்லை. தோட்டத்துச் சனங்களிடம் உங்கள் முத்திரைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

தாள்களைத் திரும்ப அனுப்புகிறேன். மார்ச் 3, ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெரகலச் சந்தியில் வேன் நிற்கும். அதற்குள் தயவுசெய்து முடித்துத் தாருங்கள்.

உங்கள் மகன்,
கிரிஷாந்தன்


பதுளை
24.02.2024

அன்பு மகன் கிரிஷாந்தனுக்கு,

எண்ணெய் வந்தது. நன்றி. தாள்களும் வந்தன. அவற்றை மறுபடி அனுப்பிவைத்திருக்கிறேன். தபால் செலவு உன்னுடையது.

நான் முத்திரை குத்தாவிட்டால் போர் நிற்காது. ஏழு பேர் நிற்பார்கள். என் கைக்கு எட்டுவது அந்த ஏழு பேர்தான்.

விமலராஜின் ஒப்பந்தத்தை மறுபடி பார்த்தேன். ஒன்பது பக்கம். முதல் நான்கும் ஆங்கிலம். மீதி ஐந்தும் எனக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாத ரஷ்ய மொழி. "அதேதாம்மா அந்த மொழியில் இருக்கு" என்று நீ சொன்னாய். வாசித்துச் சரியெனக் கண்டதாக ஒன்பதிலும் கையொப்பமிட்டேன். அவனை என் முன்னால் வரவழைக்கவும் இல்லை. முகவரி சரியில்லையென்று ஏழை எளியவர்களின் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பும் நான், மகன் கொண்டு வந்தான் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். இதை உன்மீது போடவில்லை. இது என் கை.

பசார் தெரு புஹாரியும் என்னைப் போல ஒரு ஜே.பி.தான். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தானும் இனிக் குத்துவதில்லை என்றார். தனக்குத் தெரிந்த மற்ற ஜே.பி.க்களுக்கும் அன்று பின்னேரமே சொல்லிவிட்டார். தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அறிவித்தல் எழுதினோம். சிங்களத்தை அவர் எழுதினார். வாசிக்கத் தெரியாத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள், அந்த வேலை போர்க்களத்தில் முடிகிறது என்பதுதான் சாரம். ஹல்துமுல்லையிலும் பெரகலவிலும் கடைகளில் ஒட்டியிருக்கிறது.

வியாழக்கிழமை தோட்டத்துக்கே போனேன். விடிகாலையில் பெரட்டுக் களத்தில் பெண்கள் வேலைக்கு வந்து நிற்கும் நேரம். ஜெயலெட்சுமி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"போவாதன்னு சொல்றது லேசும்மா. இங்கனயே இருந்தா நீங்க என்னா குடுப்பீங்க?"

"எனக்குத் தெரியாது" என்று உள்ளதைச் சொன்னேன்.

"ஏ புள்ள, தெரியாதுன்னு சொன்ன மொத பெரிய மனுசி இவங்கதான்டி. தலைவருமாரு வந்தா இந்நேரம் ஆளுக்கொரு வீடு கட்டிக் குடுத்திருப்பாங்க" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். என்னாலும் அடக்க முடியவில்லை. சிரித்த பிறகுதான் அவர்கள் பக்கத்தில் வந்து, மகன்மார் யார் யார் கையொப்பம் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

மூன்றாம் தேதி நான் பெரகலவில் இருப்பேன். உனக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே அறிவிக்கிறேன்.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை.

அம்மா,
சந்திரகாந்தி வீரசிங்கம்
சமாதான நீதவான்


வெள்ளவத்தை
05.03.2024

அம்மாவுக்கு,

நீங்கள் குத்தாவிட்டால் கொழும்பில் குத்திக்கொள்ளலாமென்று நான் அனுப்பிய வேனை, நீங்களும் எட்டுப் பெண்களும் மறித்து உட்கார்ந்த வீடியோவை எனக்கு முதல் என் மனைவி பார்த்தாள். அவளுடைய அண்ணன் பார்த்தான். கனடாவிலிருந்து சித்தப்பா எடுத்துக் கேட்கிறார், "அண்ணிக்கு என்னடா நடந்தது?" என்று.

ஏன் ஓரமாக எடுத்து ஓட்டவில்லை என்று சாரதியிடம் கேட்டேன். "அந்தம்மா மடக்கு நாக்காலியப் போட்டு உக்காந்து கொடையையும் விரிச்சிட்டாங்க சேர். ஹோன் அடிச்சதுக்கு, வயசானவங்க இருக்கிற எடத்துல இது என்ன சத்தம்னு என்னையத்தான் ஏசுறாங்க. நான் என்னத்த பண்றது?" என்கிறான். ஊர் முழுக்கச் சிரிக்கிறது.

உங்களுக்குச் சந்தோஷம்தானே? ஐந்து பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மற்ற இரண்டு பேர் அன்று பின்னேர பஸ்ஸில் தாங்களாகவே கொழும்புக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு விசயம் கேட்கிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. நம் நாட்டிலேயே இருபத்தாறு வருடம் போர் நடந்தது. அப்போது இந்த நாற்காலி எங்கே இருந்தது? அப்பா நம்முடைய ஹார்ட்வெயார் கடையிலிருந்து தடுப்பு முகாமுக்கு முள்கம்பி ஏற்றியபோது நீங்கள் லொறிக்கு முன்னால் உட்கார்ந்தீர்களா? அந்தக் கம்பியில்தான் நான் படித்தேன். நீங்கள் கட்டும் பட்டுச்சேலையும் அந்தக் கம்பிதான்.

இனி இதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

கிரிஷாந்தன்


பதுளை
12.03.2024

அன்பு மகன் கிரிஷாந்தனுக்கு,

எழுத வேண்டாமென்றாய். எழுதுகிறேன்.

முள்கம்பியைப் பற்றி நீ எழுதியது முழுக்க உண்மை. லொறியில் ஏற்றுவதை மேல் மாடி யன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே கட்டப் போகிறார்கள், யாரைச் சுற்றிக் கட்டப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடையை எரித்தபோது உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு புஹாரி வீட்டுப் பின்கட்டில் நான்கு நாள் இருந்தவள் நான். அதற்குப் பிறகு கடையும் நீயும் பத்திரமாக இருந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். பயந்தேன். பயத்தைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டேன். நீ கேட்டாயே, நாற்காலி எங்கே இருந்தது என்று. மாடியில் இருந்தது. நான் அதில் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் இப்போதும் நான் மாடியிலேயே இருக்க வேண்டும் என்கிறாயா?

பஸ்ஸில் வந்த இருவரையும் வீட்டுக்கு அனுப்பு. அது உன்னால் முடியும்.

நேற்று விமலராஜின் மனைவி கம்சலா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவன் கடைசியாகப் பேசி முப்பத்தைந்து நாள் ஆகிறது. எந்த ஊர், எந்தப் படைப்பிரிவு, யார் கொண்டு போனது என்ற விவரம் இல்லாமல் வெளிவிவகார அமைச்சால் எதையும் தேட முடியாதாம். அந்த விவரம் அவளிடம் இல்லை. உன்னிடம் இருக்கிறது. "அண்ணன் சொன்னாப் போதும்மா" என்றாள். உன்னைத்தான் அண்ணன் என்கிறாள்.

இந்தத் தடவை முத்திரைக்காரியாகக் கேட்கவில்லை.

அம்மா


வெள்ளவத்தை
22.03.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கையால் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் வைக்கப் பயமாக இருக்கிறது.

விவரங்கள் இதோடு வைத்திருக்கும் தனித் தாளில் இருக்கின்றன. துபாய்க்காரரின் பெயர், நம்பர், படைப்பிரிவு இலக்கம், அவன் கடைசியாக இருந்த ஊர். துபாய்க்காரரோடு சண்டை பிடித்துத்தான் எடுத்தேன். விமலராஜ் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்கிறார். உண்மையோ தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நித்திரை இல்லை அம்மா. அந்த ஐந்து பக்கமும் படையில் சேரும் ஒப்பந்தம். செப்டம்பரில் எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. டிசம்பரில் தெரியும். ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகும் இந்த ஏழு பேரின் தாள்களை உங்களுக்கு அனுப்பினேன். முன்பணம் வாங்கிவிட்டேன், நிறுத்தினால் அந்தத் துபாய் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள் என்று பயம். இப்போது நீங்கள் கேட்டபடி இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

தனித் தாளில் உள்ளதைக் கம்சலா கையில் எழுதிக் கொடுங்கள், யார் தந்தது என்று சொல்லாமல். இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்து அடுப்பில் போடுங்கள். இது வெளியே போனால் நான் சிறைக்குப் போவேன். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். உங்களைத் தவிர வேறு யாருக்கும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

உங்கள்
கிரிஷா


பதுளை
02.04.2024

அன்பு கிரிஷாவுக்கு,

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

கிழிப்பதாக வாக்குக் கொடுக்கவில்லையே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நீ அம்மாவுக்கு எழுதினாய். அதை நான் பொலிசில் கொடுத்தேன். உள்ளபடி சொன்னால் இவ்வளவுதான்.

தனித் தாளை மட்டும் கொடுக்கத்தான் முதலில் நினைத்தேன். ஐந்து நாள் அதையே யோசித்தேன். யார் தந்தது என்று தெரியாத தாளை எந்த அரசாங்கமும் நம்பித் தேடாது. அதைவிட, டிசம்பரில் தெரியும் என்று எழுதியிருந்தாய். பெரகலவில் மழை பெய்து நாங்கள் வராமல் இருந்திருந்தால் அந்த ஏழு பேரும் போயிருப்பார்கள். உனக்குத் தெரிந்தே போயிருப்பார்கள். துபாய்க்காரன் வேறொரு ஊரில் வேறொரு கிரிஷாந்தனை இந்நேரம் பிடித்திருப்பான்.

பிரதிகளை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. சொந்த மகனின் கடிதத்துக்கு நான் குத்துவது முறையல்ல. புஹாரியிடம் கொண்டு போனேன். முதல் இரண்டு வரியை வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"அக்கா, இது நம்மட கிரிஷா எழுதினது. வேணாம் அக்கா. எரிச்சிடுங்க. நான் காணல்ல."

"வாசிக்காமல் ஒரு தடவை குத்திய பாவம் எனக்குப் போதும். நீங்கள் வாசித்துவிட்டுக் குத்துங்கள்" என்றேன்.

முழுக்க வாசித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மெதுவாகக் குத்தினார். கடைசிப் பக்கத்துக்கு மை பற்றவில்லை. இரண்டாம் தரம் குத்த வேண்டியிருந்தது. நான் எழும்பும்போது அவரும் எழும்பினார்.

முறைப்பாட்டாளர் ஜெயலெட்சுமி. என் வாக்குமூலமும் அதில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத ஐந்து பக்கத்துக்கு முத்திரை குத்தியவள் என்று என் பெயர்தான் முதலில் வருகிறது. உன்னுடையது இரண்டாவது. இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியதையும், விவரத்தை நீயாகத் தந்ததையும் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு வாசித்துப் பார்த்தேன். என் முத்திரையை நீதி அமைச்சுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

நேற்று அமைச்சிலிருந்து கம்சலாவுடன் பேசியிருக்கிறார்கள். அந்தப் படைப்பிரிவின் ஆஸ்பத்திரியில் நம் நாட்டவர் ஒருவர் இருப்பதாகத் தகவலாம். பெயர் இன்னும் தெரியவில்லை. ஜெயலெட்சுமி என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். உட்கார்ந்து சொன்னாள்.

பொலிஸ் உன்னைத் தேடி வருவதற்கு முன் நீயாகப் போவது நல்லது. தனியாகப் போக வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். வெள்ளைச் சட்டையை அயன் பண்ணி வை. நீ என்னை ஏசலாம், எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு. பொலிஸ் நிலையத்துக்குள் மட்டும் ஏசாதே.

கதவைத் திறக்க மாட்டாய் என்றும் நினைக்கிறேன். திறக்காமல் இருக்க உனக்குக் காரணம் இருக்கிறது. அதனால் மடக்கு நாற்காலியையும் கொண்டு வருகிறேன்.

அம்மா