மற்ற இயங்குதளங்களுக்கும் இதே படிகள்

செப்டம்பர் 3

செப்டம்பர் பிறந்ததுமே எங்கள் நாட்டு வழக்கப்படி அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு போட ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் நாலு மாதம் காது படப்போகும் பாடு.

இன்று பதினோரு புகார். எங்கள் கிளவுட் கம்பெனியின் உதவிப் பக்கங்களின் அடியில் 'இந்தப் பக்கம் பயன்பட்டதா?' என்று கேட்டு ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான் வைத்திருக்கிறோம். 'இல்லை' என்று அழுத்துகிறவர்கள் காரணம் எழுத ஒரு கட்டமும் உண்டு. பதினொன்றில் எட்டுப் பேருக்கு ஒரே காரணம்: என்னிடம் இருப்பது லினக்ஸ், நீங்கள் விண்டோஸுக்கு மட்டும் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒருவர் கொஞ்சம் சூடாகவே கேட்டிருந்தார்: "உங்க கிளவுட்ல ஓடுற மெஷின்ல முக்கால்வாசி லினக்ஸ்தானே? அப்புறம் அதுக்குள்ள போக வழி கேட்டா ஏன் விண்டோஸ்காரனுக்கு மட்டும் சொல்றீங்க?"

ஒன்பது வருடமாகக் கையேடு எழுதுகிறேன். இதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை. 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று எட்டுப் பேருக்கும் அனுப்பினேன்.

செப்டம்பர் 9

கூட்டத்தில் வாயைத் திறந்தேன். சோதித்துப் பார்க்க ஒரே ஒரு லினக்ஸ் கணினி வேண்டும் என்றேன்.

நாங்கள் எட்டுப் பேர் எழுதுகிறோம். எட்டுப் பேருக்கும் கம்பெனி கொடுத்திருப்பது ஒரே மாதிரி விண்டோஸ் மடிக்கணினி. எழுதியதை அதில் செய்து பார்ப்போம். அதில் ஓடினால் உலகம் முழுக்க ஓடும் என்று வெளியிட்டுவிடுவோம்.

குழுத் தலைவர் சார் ரோமெல் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். நம் பக்கங்களை வாசிப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் விண்டோஸ்காரர்களாம். "மேம் லோர்னா, வராத விருந்தாளிக்கு எதுக்குச் சமைக்கணும்?" என்றார்.

"வந்தாங்க சார். தட்டு காலியா இருந்துச்சு, எழுந்து போயிட்டாங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கணினி கிடையாது, அடுத்த காலாண்டில் பார்க்கலாம். சிரிக்க வைத்ததுதான் மிச்சம்.

செப்டம்பர் 10

மாதம் நாலு லட்சம் பேர் வாசிக்கிறார்கள். அதில் நூற்றுக்கு ஏழு என்றால் இருபத்தெட்டாயிரம். ஏழு பேர், ஏழு பேர் என்று சொல்லிச் சொல்லியே இருபத்தெட்டாயிரம் பேரை ஒரு ஜீப்னி வண்டியில் ஏற்றிவிட்டார் மனிதர்.

செப்டம்பர் 24

பக்கத்து மேசை ஜூபெர்ட் எங்கள் குழுவிலேயே இளையவன். என்னை ஆத்தே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். எனக்காக ஒரு காரியம் செய்தான். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் திறந்து பார்த்துவிட்டான். லினக்ஸுக்கென்று தனிப்பகுதி உள்ளவை நாற்பத்தொன்று. அதில் பத்தொன்பதில் 'விரைவில்' என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. அவற்றில் மூத்த 'விரைவில்' எழுதி ஐந்து வருடம் ஆகிறது.

"ஆத்தே, இந்த 'விரைவில்'ங்கிற குழந்தைய அடுத்த ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேர்த்துடலாம்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலைச் சார் ரோமெலுக்கு அனுப்பினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது.

அக்டோபர் 14

மறுபடி கேட்டேன். மறுபடி இல்லை. நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்? சம்பளம் வருகிறது. யாரும் திட்டவில்லை. ஆனால் தினமும் அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பதை வாசிப்பது நான்தானே.

அக்டோபர் 22

புயல். மின்சாரம் இல்லை. எதிர்வீட்டுத் தகரம் எங்கள் வாசலில் கிடக்கிறது.

அக்டோபர் 25

நகரத்துக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். வடக்குத் தீவுகள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டன.

நவம்பர் 5

இன்று வந்தது புகார் இல்லை. என்னவென்று சொல்வது?

நில்டா பட்டுய்காஸ் என்று ஒரு பெண். தாக்பினோ தீவு நகராட்சியில், பேரிடர் அலுவலகத்தில் எழுத்தர். 'தானாக நகல் எடுப்பது எப்படி' என்ற பக்கத்தின் கட்டத்தில், கைபேசியிலிருந்து, துண்டு துண்டாக ஐந்து முறை எழுதியிருக்கிறார். புயலன்று கடல் அலுவலகத்துக்குள் வந்துவிட்டது. கணினி மூழ்கிவிட்டது. தீவில் எந்த வீட்டில் யார், எத்தனை குழந்தைகள், நடக்க முடியாதவர் யார் என்ற குடும்பப் பட்டியல் அதில்தான் இருந்தது. நகல் கிளவுடில் பத்திரமாக இருக்கிறதென்று தைரியமாக இருந்திருக்கிறார். திறந்து பார்த்தால் மார்ச் 11ஆம் தேதிப் பட்டியல் மட்டும் கிடக்கிறது. அதற்கு மேலே பச்சை நிறத்தில் சரி என்று ஒரு குறி.

மார்ச்சுக்குப் பிறகு கரையோரத்திலிருந்து மேட்டுக்கு மாற்றிய அறுநூற்று நாற்பது குடும்பங்களை நில்டாவே வீடு வீடாகப் போய் எழுதிச் சேர்த்திருக்கிறார். அவ்வளவும் போயிற்று. தகரமும் அரிசியும் பட்டியலைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பட்டியலில் இல்லாதவர்கள் காத்திருக்கிறார்கள். நகல் எடுக்காமல் அலட்சியமாக இருந்ததற்கு ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று நகராட்சி அவருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது.

அவருடைய கணினி யாரோ தானமாகக் கொடுத்த பழையது. லினக்ஸ்.

கடைசித் துண்டு இது: "ஆறு படியும் செஞ்சேன் மேம். இனிமே தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானா நகல் ஏறும்னு போட்டிருந்தீங்க. நான் எந்தப் படிய விட்டேன்னு சொல்லுங்க."

நவம்பர் 7

ஜூபெர்ட் தன் அண்ணனுடைய பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்தான். லினக்ஸ் ஏற்றி, நேற்று ஆறு படிகளையும் அப்படியே செய்தேன். முதல் நகல் ஏறியது. பச்சைக் குறி வந்தது. ஆறு மணி ஆயிற்று. ஒன்றும் ஏறவில்லை. இன்றும் ஏறவில்லை.

விண்டோஸில் அந்தத் தினசரி வேலையை மென்பொருளே முடுக்கிவிட்டுவிடுகிறது. லினக்ஸில் நாமாக இன்னொரு கட்டளை கொடுத்தால்தான் உண்டு. ஒரே வரி. ஏழாவது படி. அது பக்கத்தில் இல்லை.

அந்தப் பெண் எதையும் விடவில்லை. விட்டது நாங்கள்.

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'மற்ற இயங்குதளங்களுக்கும் இதே படிகள்.' செய்தே பார்க்காமல் இதை எழுதின புண்ணியவான் யார்? வெளியே யார் பெயரும் தெரியாது. உள்ளே பதிவு இருக்கும். திங்கட்கிழமை போய்த் தேடி நாலு வார்த்தை கேட்கிறேன்.

நவம்பர் 10

நான்தான்.

நவம்பர் 11

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலு ஐம்பத்திரண்டு. 'சிறு சேர்க்கை' என்று குறிப்புப் போட்டிருக்கிறேன். எனக்கு ஞாபகமே இல்லை. கைபேசியில் அன்றைய படங்களைத் தேடினேன். அலுவலக விருந்து. மேசையில் முழுப் பன்றி, அதன் பக்கத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அதற்காகத்தான் அவசரமோ? பன்றி ஆறிவிடுமென்றா?

ரெண்டு மாசமா லினக்ஸ்காரங்களுக்காக ஆபீஸ்ல சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். ஆகா, என்ன நியாயஸ்தி. ஒண்ணுமே எழுதாம விட்டிருந்தா அவ வேற யாரையாவது கேட்டிருப்பா. இதே படிகள்னு எழுதி நம்ப வச்சவ நான்.

நவம்பர் 12

சார் ரோமெலிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. பக்கத்தை இன்றே திருத்தச் சொன்னார். ஏழாவது படியை நானே எழுதினேன், இந்த முறை செய்து பார்த்து. நில்டாவுக்கு என்ன எழுதுவதென்று கேட்டேன். வழக்கமான பதில் போதும் என்றார்: 'உங்கள் கருத்துக்கு நன்றி. பக்கம் மேம்படுத்தப்பட்டுள்ளது.'

அனுப்பினேன். அனுப்பிய கையை என்ன செய்வது?

நவம்பர் 18

நில்டாவிடமிருந்து மறுபடி.

"விசாரணைக்கு வந்தவங்க இன்னிக்கு உங்க பக்கத்தத் திறந்து பார்த்தாங்க. ஏழு படி இருக்கு. நான் ஆறுதான்னு எழுதிக் குடுத்திருந்தேன். பொய் சொல்றேன்ங்கிறாங்க. நான் பார்த்தப்ப ஏழாவது இருந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

திருத்தியதே அவருக்கு வினையாகிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புதிய பக்கம் மட்டும்தான் தெரியும். பழையது எங்கள் பதிவில் இருக்கிறது. அங்கே எட்டிப் பார்க்க முடிந்தவர்கள் நாங்கள் எட்டுப் பேரும் சார் ரோமெலும்.

நவம்பர் 19

அவர் அறையில் அரை மணி நேரம். கம்பெனி எழுத்தில் எதுவும் கொடுக்காதாம், சட்டப் பிரிவு சொல்லிவிட்டதாம். நானாகக் கொடுக்கிறேன் என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "மேம், நீங்க குடுத்தா எழுதுனது யாருன்னு தேடுவாங்க. உங்க பேர்தான் வரும். நான் யாரையும் ஏமாத்தப் பார்க்கல. உங்களக் காப்பாத்தப் பார்க்கிறேன்."

உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன்.

நவம்பர் 21

எழுதவில்லை.

நவம்பர் 24

நில்டாவுக்கு இன்றும் எழுதவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஓலைக்குள் வேகவைத்த பூசோச் சோற்றைப் பிரித்துவிட்டுத் தொடாமல் எழுந்து வந்தேன். நாற்பத்து மூன்று வயதில் வேறு வேலை யார் கொடுப்பார்கள் — இது ஒரு காரணமா? காரணம்தான். அவளுக்கும் அதே காரணம் இருக்குமே. அவளுடைய வேலையை வைத்து என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொன்னால் இதுதான்.

நவம்பர் 26

அனுப்பிவிட்டேன். மார்ச் 11 அன்று இருந்த பக்கம், ஆறு படிகளோடு. ஏழாவது எந்தத் தேதியில் சேர்ந்தது என்ற பதிவு. அந்தக் கடைசி வரியை எழுதியது நான், சோதிக்காமல் எழுதினேன் என்று ஒரு கடிதம், முழுப்பெயர், கையெழுத்து. விசாரணை அதிகாரிக்கு ஒரு பிரதி, நில்டாவுக்கு ஒரு பிரதி.

பிறகு சார் ரோமெலிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பியிருக்கலாமே மேம்" என்றார்.

"சொல்லியிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன் சார்."

டிசம்பர் 5

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கம்பெனி ஆவணத்தை அனுமதியில்லாமல் வெளியே கொடுத்ததற்காக. தப்பாக எழுதியதற்காக இல்லை. அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

ஜூபெர்ட் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வரை வந்தான். வாசலில் நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, லினக்ஸ் கணினி இரண்டு வாங்க இன்று காலை ஒப்புதல் வந்துவிட்டது என்றான். வயிறு எரிந்தது. அவனிடம் நல்லது என்றேன்.

ஜனவரி 12

நில்டா கூப்பிட்டார். இதுவரை எழுத்துதான், குரலை முதன்முறை கேட்கிறேன். நான் நினைத்ததைவிட வயது அதிகம். விசாரணையை முடித்துவிட்டார்களாம், அவர் மேல் குற்றம் இல்லை. நல்லவேளை என்றேன். அவர் நன்றி சொல்லவில்லை. சொல்லாததே எனக்கு ஆறுதலாக இருந்தது.

"வேலை தப்பிச்சுது. பட்டியல் வரலையே மேம். அறுநூத்தி நாப்பது வீட்டுக்கும் மறுபடி நடக்கணும். நாங்க மூணே பேரு."

எனக்கு இப்போது வேலை ஒன்றும் இல்லை என்றேன்.

"வெயில் ஜாஸ்தி. தொப்பி கொண்டாங்க" என்றார்.

பிப்ரவரி 3, தாக்பினோ

ஆறாவது நாள். பாதத்தில் கொப்புளம். இன்றைக்கு முப்பத்தொரு வீடு. எழுதியதை ஏற்றியதும் ஏறிவிட்டதா என்று வேறொரு கைபேசியில் திறந்து பார்த்தால்தான் நில்டாவுக்கு நிம்மதி. பச்சைக் குறியை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மேட்டின் கடைசியில் ஒரு வீடு. வீடென்றால் நாலு மூங்கில், மேலே கிழிந்த தார்ப்பாய். மூன்று மாதமாகத் தகரத்துக்குக் காத்திருக்கும் வீடுகளில் ஒன்று. வலை பின்னிக்கொண்டிருந்த கிழவரை நில்டா மானோங் என்று மரியாதையாகக் கூப்பிட்டார். அவர் எங்கள் கையில் இருந்த படிவத்தைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தார்.

"மே மாசம் ஒரு தடவ எழுதிட்டுப் போனீங்களே நில்டா. அது என்ன ஆச்சு?"

ஆறு நாளாக ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்விக்கு, புயலில் போய்விட்டது என்று நில்டாதான் சொல்லிவந்தார். நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று அவர் படிவத்தைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

"புயல் இல்ல மானோங்" என்றேன். "நான் தொலச்சுட்டேன். பத்திரமா வைக்க இவங்களுக்கு வழி எழுதிக் குடுத்தது நான். தப்பா எழுதிட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தொப்பி, படிவம், பேனா. திட்டுவார் என்று நின்றேன். பக்கத்தில் இருந்த பெஞ்சைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. நின்னுக்கிட்டு எழுதுனா மறுபடி தப்பு வரும்" என்றார்.

உட்கார்ந்தேன். பேரன் பேத்தி ஏழு பேர். ஒவ்வொருவர் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லி, நான் எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லி, சரி என்ற பிறகே அடுத்த பெயருக்குப் போனார்.