மேலே போனால் இல்லை

அக்கா,

அத்தானின் சட்டை உள்கொடியில் தொங்குகிறது. சாரல் விடாததால் இப்போதுதான் காய்ந்தது. எடுத்து மடித்து வைக்கும்படி அம்மா என்னிடம் சொன்னாள். கையில் எடுத்ததும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்று நீ சிரித்துக்கொண்டே சொல்வாயே, அதே வாடை. மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு அரங்குவீட்டு உள்ளறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

நீ தலைப்பிரசவத்துக்கு வந்ததும் இப்படி ஒரு சாரலில்தான். உன்னை ரயிலிலிருந்து இறக்கிவிட்டு அத்தான் ஒரு பெரிய தகரத் தொட்டியையும் இறக்கினார். கொல்லத்துக் காயலில் அவர் ஓட்டும் மோட்டார் படகின் எண்ணெய்த் தொட்டி. அடியில் ஓட்டை. தென்காசியில் தெரிந்த தகரக்காரரிடம் ஒட்டவைத்து, பிள்ளையைப் பார்க்க வரும்போது எடுத்துப்போவதாக ஏற்பாடு.

"பொண்டாட்டியக் கொண்டுவிட வந்தவரு தொட்டியையும்லா கொண்டாந்திருக்காரு" என்று அம்மா அடுப்படியில் முணுமுணுத்தாள்.

"ரெண்டும் கனமாத்தானம்மா இருக்கு" என்றாய் நீ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஓட்டையை அடைத்து வந்த பிறகும் நீ அந்தத் தொட்டியை விடவில்லை. அதில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியாது. மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். படகு ஓடும்போது யார் பார்ப்பது? ஒருமுறை நடுவில் எண்ணெய் தீர்ந்து, காயல் கடலில் சேரும் அழிமுகத்துப் பக்கம் படகு இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். மீன்பிடிக்க வந்தவர்கள் கயிறு எறிந்து பிடித்தார்களாம். "அன்னையிலேர்ந்து அவுக வர நேரமானா எனக்குச் சோறு இறங்காதுட்டி" என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

"உள்ள இருக்கது வெளிய தெரியணும். அவ்வளவுதான் வேலை" என்று ஆரம்பித்தாய். சின்ன டப்பா ஒன்றை மூடி ஒட்டவைத்து மிதவையாக உள்ளே விட்டாய். அதில் கட்டிய கயிறு தொட்டியின் மேல்துளை வழியாக வெளியே வந்து, காலி நூல்கட்டை ஒன்றின் மேல் ஏறி, வெளிப்பக்கமாகத் தொங்கியது. கயிறு விறைப்பாக நிற்க நுனியில் ஒரு இரும்புத் தகடு. தகடு டப்பாவையே மேலே தூக்கிவிட்டது. டப்பாவைத் திறந்து மணல் போட்டு மறுபடி ஒட்டவைத்தாய்.

புறவாசலில் தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பரீட்சை. நீ பலகையில் உட்கார்ந்திருந்தாய். நான் தொட்டியை ஆட்ட வேண்டும்.

"நல்லா ஆட்டுட்டி. காயல் காத்து என்ன உன்னய மாதிரி வெக்கப்பட்டுக்கிட்டா அடிக்கும்?"

ஆட்டியதும் தகடு துள்ளிக் குதித்தது. நீ பெரிய மூங்கில் குழாய் ஒன்றில் துளைகள் போடச் சொல்லி, அதைத் தொட்டிக்குள் நிறுத்தி, டப்பாவை அதற்குள் இறக்கினாய். பிறகு எவ்வளவு ஆட்டியும் தகடு அடங்கி நின்றது. பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு என்னைத் தகட்டை மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு நீ தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாய். ஊற்றும் சத்தம் கேட்டது, தகடு மேலே ஏறியது. நிறைகிறது என்றேன். நீ தலையில் குட்டினாய். "மாத்திச் சொல்லுத. மிதவை உள்ள இறங்குனா தகடு வெளிய ஏறும். மேல போனா இல்ல. கீழ வந்தா நெறைய. எல்லாரும் மொதல்ல இப்படித்தான் நினைப்பாக." எழுதி வைக்கலாமா என்று கேட்டேன். அத்தானுக்கு எழுத்துத் தெரியாது. "அவுக வந்ததும் நானே சொல்லிக்கிடுதேன்" என்றாய்.

அவர் வந்தபோது நீ இல்லை. பிள்ளை இருந்தாள். பிரசவத்தன்றைக்கு நான் வெந்நீர் கொண்டுபோய்க்கொண்டே இருந்தேன். மருத்துவச்சி துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். உனக்குள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அத்தான் புறப்பட்டார். தொட்டியை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். தகடு பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் தகடு மேலே இருப்பதைப் பார்த்து எண்ணெய் நிறைய இருக்கிறது என்று நம்பிப் படகை எடுத்துவிடுவார், அழிமுகத்துக்குப் போய்விடுவார் என்றே தோன்றியது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துச் சொல்லச் சொன்னேன்.

"வீடு கெடக்க கெடயில ஒனக்குத் தகடாட்டி?" என்று கையைத் தட்டிவிட்டாள்.

அத்தான் வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னாலேயே நின்ற நான், வாசல் நடைக்குப் போனேன். ஊர்ப்பட்ட சனம் நின்றது. "அத்தான், தகடு மேல போனா எண்ணெய் இல்ல. கீழ வந்தா நெறைய. அக்கா சொன்னா" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். கடையத்துப் பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது தெரிகிறது. உன் தலைத்திவசத்துக்கு அத்தான் வந்திருக்கிறார். காலையில் குற்றாலத்தில் குளித்துக் காரியத்தை முடித்துவிட்டு வந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மா பேச்சை எடுத்தாள்.

"பிள்ளைக்கு வேற ஒருத்தியா வரணும்? சித்தி கையில வளருத பிள்ள, சித்தியே அம்மையா இருந்துட்டுப் போறா."

"அவகிட்ட ஒரு வார்த்தை..." என்று அப்பா இழுத்தார்.

"பெத்த அப்பன்கிட்டயே வாய் திறக்காத பிள்ள, அத்தனை பேரு முன்னால அவருகிட்டப் பேசிச்சே. அதுக்கு மேல என்னத்தக் கேக்க?"

அத்தான் குனிந்தபடி சொன்னார்: "எண்ணெய் ஊத்தும்போதே தகடு கீழ இறங்குச்சு மாமா, பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுட்டு. ஆனாலும் அந்தப் பிள்ள ஓடிவந்து சொன்னதை நான் மறக்கல."

ஊற்றும்போதே தெரிந்துவிடும். உனக்கு அது தெரிந்திருக்கும். எனக்குத்தான் அன்றைக்கு அந்த யோசனை வரவில்லை. உன் பயத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர்கள் அதை என் ஆசை என்று எடுத்துக்கொண்டார்கள். தகடு மேலே ஏறியதைப் பார்த்தார்கள், நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அத்தான் கெட்டவர் இல்லை அக்கா. பிள்ளையை என்னால் விட முடியாது. அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். ஆனாலும் அவரை நினைத்தால் உன் புருஷன் என்றுதான் வருகிறது, வேறு ஒன்றும் வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் பிள்ளையை வேறு ஒருத்தி கையில் கொடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஆவணியில் முகூர்த்தம்.

சற்று முன்பு எழுந்து நடை வரைக்கும் போனேன். அத்தான் முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. "அத்தான்" என்று கூப்பிட்டேன். திரும்பினார். முகம் மலர்ந்தது. சொல்லிவிடத்தான் போயிருந்தேன். "காப்பி வேணுமா" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அடுப்படியில் பெரியம்மா சிரித்தாள்.

இங்கே பிள்ளை என் மடியில் தூங்குகிறாள். வெளியே சாரல் நிற்கவில்லை. நீ சொல்லித் தந்த வாக்கியம் ஒன்றுதான் என் வாயில் இருக்கிறது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேல போனா இல்ல அக்கா. மேல போனா இல்ல.