லண்டன் மழையில் ஓர் ஊர்வலம்

மகளுக்கு,

என்னைக் கேட்காமல் வங்கதேசத்துக்காரரை நீ மணந்ததை நான் மறக்கவில்லை. அவர் எடுத்த ஆவணப்படத்தைக் குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன்.

அதில் லண்டன் மழையில் வங்கதேசக் கொடியோடு ஊர்வலம் போன ஒருவர், "இங்கே நான் அந்நியன், அங்கே போனால் லண்டன்காரன்" என்றார். கூடப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "ஏனுங்க, உங்க கதையாட்டமே இருக்குதுங்களே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இந்தியாக்காரர்கள். திரும்பி வந்த கோத்தகிரியில் இன்றும் சிலோன்காரர்கள்.

இந்தியாவுக்குக் கப்பலேறும் முன் குடும்பம் முழுவதையும் ஒரே பாஸ்போர்ட்டுக்காக நிற்கவைத்து எடுத்த புகைப்படத்தை அவருடைய அடுத்த படத்துக்குக் கேட்டாய், மறுத்தேன். அதில் ஏழு வயதில் நான் அழுதுகொண்டிருக்கிறேன்.

இப்போது தருகிறேன், ஆனால் தபாலில் அனுப்ப மாட்டேன். இருவரும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மன்னித்துவிட்டதாக மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

அப்பா