விரற்கடை நீளக் கம்பி

வீரகேரளம்புதூர் முதல் செங்கோட்டை வரை செத்துக் கிடந்த ரேடியோக்களையெல்லாம் பேசவைத்த மகாராஜாவே, என் அக்கா மகனே வேலாயுதம்,

நீ போய் ஆறு வருஷமாயிற்று. இந்த வருஷமும் குற்றாலத்தில் சாரல் விழுந்தது. நம்ம வேனைப் பழைய இரும்புக்காரன் இழுத்துக்கொண்டு போய்விட்டான். பூமியில் முதல்முதலாக ஓடிய வண்டி இதுதான் என்று சவாரிகளிடம் அளப்பேனே, அந்தப் பொய்க்கும் இனி வண்டியில்லை.

அந்தப் பழைய வேனுக்கு ஆறு வோல்ட் பேட்டரி. கேசட் செட்டுக்கோ பன்னிரண்டு வேண்டும். ஆறைப் பன்னிரண்டாக்க ஒரு பெட்டி செய்தாய். பேட்டரி இறங்க இறங்க அந்தப் பெட்டி கும்பகர்ணனாகி, கரண்டைக் கூடக்கூட இழுத்து, உள்ளிருக்கும் டிரான்சிஸ்டரை எரித்துக்கொள்ளும். அதை அளந்து நிறுத்தத்தான் ஹீட்டர் கம்பியில் ஒரு துண்டு வைத்தாய்.

“நீளமா இருந்தா, இருக்க ஓல்ட்டையும் அதுவே தின்னுரும் மாமா. குட்டையாயிட்டுன்னா அளவே தெரிய மாட்டேங்கு,” என்பாய். மூன்று மாதம் வெட்டி வெட்டிப் பார்த்து விரற்கடை நீளத்தில் வந்து நின்றாய். “இனி எரியாது. தாங்காதுன்னா தானே நின்னுரும்.” மாமன் வண்டியில் ஒரு சீசன் ஓடட்டும், நாங்களும் வாங்குகிறோம் என்று பழைய வண்டிக்காரர்கள் நாலு பேர் காத்திருந்தார்கள்.

அந்தச் சீசனில் ஒரு நாள் ஐந்தருவிப் பாதையில் வண்டிகள் நகரவில்லை. லைட்டும் வைப்பரும் பேட்டரியை உறிஞ்ச, பாட்டு நின்றது, வந்தது, மறுபடி நின்றது. பின்சீட்டு அம்மாள் கேட்டாள்: “அண்ணாச்சி, பாட்டுக்கும் மூச்சு வாங்குதோ?”

வேனே சிரித்தது. மூவுலகமும் சிரித்ததாகத்தான் எனக்குப் பட்டது. ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டுவது எங்கள் டிரைவர் குலத்து வழக்கம். உன் கம்பியையும் ஃபியூஸ் என்றே நினைத்து, அதன்மேல் செம்பைச் சுற்றினேன். கரண்டெல்லாம் செம்பு வழியே போய்விட்டது. உன் கம்பி எதை அளக்கும்? ஒன்றரைப் பாட்டு ஓடியது. அப்புறம் புகை.

உன்னிடம் கொண்டுவருமுன் செம்பைப் பிரித்து எறிந்துவிட்டேன்.

நீ திறந்து பார்த்தாய். “கம்பி நல்லாத்தான் இருக்கு. அப்ப என் கணக்குதான் தப்பு மாமா.”

“தேவேந்திரனுக்கே குறி தப்பும்லே, விடு,” என்று தோளில் தட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். காத்திருந்த நாலு பேரிடமும் நீயே போய் வேண்டாம் என்று சொன்னாய். கடையை அடைத்தாய். துபாய்க்குப் போனாய். மறு வருஷம் நீ இல்லை என்று தந்தி வந்தது.

அன்றே வாயைத் திறந்திருந்தால் இங்கனயே இருந்திருப்பாயோ?

இரும்புக்காரன் வேனை எடுக்குமுன் பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டேன். போன வாரம் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துப் புது டிரான்சிஸ்டர் போட்டு, சாகக் கிடந்த பேட்டரியில் மாட்டினோம். கொஞ்ச நேரம் பாடியது. பிறகு தானே நின்றது. தொட்டுப் பார்த்தேன், சூடுகூட இல்லை. உன் கணக்கு சரி. அதை உன்னிடம் சொல்லத்தான் வழியில்லை.

“எம்புள்ளைக்குக் கணக்கு பிசகிட்டு, அதான் கடல் தாண்டிப் போனான்,” என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுதா. அவள் ஊற்றிய சொதியைச் சாப்பிட்டுக்கொண்டே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. இந்தக் கடிதத்தை அடுத்த வீட்டாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். நானே எதிரில் உட்கார்ந்து, செம்புக் கம்பி வரும் இடத்தையும் விடாமல் வாசிப்பேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு இலை விழாது. விழ வேண்டாம்.

உன் கம்பியின்மேல் செம்பு சுற்றிய
தாய்மாமன்