அண்ணன் தைக்காத பேன்ட்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். நிற்க, நம் குடும்ப வரலாற்றில் முக்கியமான ஒரு முடிவு போன வாரம் எடுக்கப்பட்டது. தையல்காரர் சங்கத்தார் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கப் போனார்கள். அதற்குப் பழுப்புத் தொப்பியா பச்சைத் தொப்பியா என்று உன் அப்பா கண்ணாடி முன் நின்று நெடுநேரம் ஆராய்ந்து, பழுப்பு என்று தீர்ப்பளித்தார். மழைக்கோட்டு, டார்ச், கம்பளிச் சாக்ஸ் எல்லாம் சுமுகமாக முடிந்தன, சிக்கல் பேன்ட்டில் வந்தது.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று கடைக்கு நடுவில் பலகை அடித்ததிலிருந்து அப்பா சட்டை மட்டும் தைக்கிறார், பெரியப்பா பேன்ட் மட்டும் தைக்கிறார். சட்டையும் பேன்ட்டுமாகக் கேட்டு வருகிறவர்கள் இரண்டு வாசலையும் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். இப்படியே போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்றேன். "சாத்தினா சாத்திட்டுப் போறான்" என்றார் அப்பா, தன் பாதியைக் கணக்கில் சேர்க்காமல்.

ரெடிமேட் போட்டால் சங்கத்தில் மானம் போகும், அண்ணனிடம் கேட்டால் வீட்டில் மானம் போகும். ஆகவே அப்பா தன் பேன்ட்டைத் தானே வெட்டித் தைத்துக்கொண்டார். பெரியப்பாவும் அதே நியாயப்படி தனக்கொரு சட்டை தைத்துக்கொண்டார் என்று கடைக்கு மேலே மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது பெரியம்மா சொன்னாள். நாங்கள் சிரிக்கவில்லை, பலகைக்கு இரண்டு பக்கமும் காது உண்டு.

மீதியைச் சங்கத் தலைவர் வந்து சொன்னார். ஒரு குடும்பத்துக்கு ஒரு கூடாரம் என்று இருவரையும் ஒன்றில் போட்டது அவர்தான். சாயங்காலம் எல்லோரும் தீயைச் சுற்றித் தரையில் உட்கார, அப்பா மட்டும் நின்றுகொண்டே இருந்தாராம், உட்கார்ந்தால் பேன்ட் இரண்டாகிவிடும். டீ வேண்டுகிறவர்கள் கை தூக்குங்கள் என்றபோது பெரியப்பாவுக்குக் கை தோளுக்கு மேல் எழவில்லை, எனவே டீயும் வரவில்லை. இருவரும் ஒருவர் உடுப்பை ஒருவர் தொழில்முறையில் கொஞ்ச நேரம் பார்த்தார்களாம். "உக்கார்ற எடத்துல துணி விடணும்னு கூடவா தெரியாது, கழுதை" என்று பெரியப்பாதான் ஆரம்பித்தாராம். "மொதல்ல கையத் தூக்கிக் காட்டுண்ணே, அப்புறம் திட்டு" என்றாராம் அப்பா. பிறகு கூடாரத்துக்குள் போய்த் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒருவர் தையலை மற்றவர் பிரித்துத் தைத்தார்களாம். அப்போது வெளியே கேட்ட வசவுகளை என்னிடம் சொல்லத் தலைவர் மறுத்துவிட்டார்.

நீ அங்கே குளிரில் கழுத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு அலையாதே. பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருந்தேன், மறவாதே. ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. நேற்று முதல் இரண்டு கடைக்கும் ஒரே இஸ்திரிப்பெட்டி.

இப்படிக்கு,
உன் அம்மா