இஷ்ரா டொக்டராக விரும்பவில்லை என்பது பற்றி

அனுப்புநர்:
திருமதி கௌசலா குகதாசன்,
ஆங்கில ஆசிரியை,
பூநகரி.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்.

விடயம்: மாகாண மட்ட ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குத் தெரிவான தரம் 10 மாணவி மஸாஹிர் இஷ்ரா தன் சொந்தப் பேச்சைப் பேச அனுமதி கோரலும், அவருக்கு இன்னொருவரின் பேச்சைக் கொடுத்தவர் மீதான முறைப்பாடும்.

மதிப்புக்குரிய ஐயா,

முறைப்பாட்டுக்கு உள்ளாகும் ஆசிரியை யாரென்று தங்கள் அலுவலகம் தேடி அலைய வேண்டியதில்லை. அது நான்தான். இருபத்தொரு வருட சேவையில் என்மேல் ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. பிள்ளைகள் மனு எழுதுவதில்லை, அதனால்தான் வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

1. எங்கள் பக்கத்தில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி எப்படி நடக்கிறதென்பது தாங்கள் அறியாததல்ல. ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், பிள்ளை பாடமாக்கும், பேச்சின் பிரதி முன்கூட்டியே அலுவலகத்துக்குப் போகும். பேப்பரில் உள்ளது வாயில் வருகிறதா என்று நடுவர்கள் வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். இவ்வருடத் தலைப்பு, தான் என்னவாக வரவேண்டுமென்று பிள்ளை நாடுகிறது என்பது. தலைப்பிலேயே ‘அஸ்பயர்’ என்ற வினைச்சொல் இருந்தது.

2. அந்தச் சொல்லைப் படிப்பித்தவள் நான். உயர்ந்த ஒன்றை அடையவேண்டுமென்று மனம் வைத்து முயல்வது என்று கரும்பலகையில் எழுதினேன். தேத்தண்ணி வேண்டுமென்பதற்கு இந்தச் சொல் வராது, பசிக்கு வராது, நாளைக்கு லீவு கிடைக்காதா என்பதற்கும் வராது என்றேன். இவ்வளவும் சரி. பிறகு ஆளுக்கொரு வசனம் எழுதச் சொன்னேன். இருபத்தாறு பேரில் பதினெட்டுப் பேர் டொக்டர், ஐந்து பேர் எஞ்சினியர், என்னைச் சந்தோஷப்படுத்த இரண்டு பேர் ஆசிரியர். இஷ்ரா பஸ் சாரதி என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் சாரதியை வெட்டி, மேலே டொக்டர் என்று எழுதினேன். இது மார்ச் மாத நடுப்பகுதியில் நடந்தது.

3. அவள் எழும்பி நின்று கேட்டதை அப்படியே தருகிறேன்: “டீச்சர், பஸ் ஓடுறது உயர்ந்த வேலை இல்லையெண்டால், பஸ் வராத நாளில ஏன் எங்கட பள்ளிக்கூடம் பத்தரைக்குத் தொடங்குது?” வகுப்பு சிரித்தது. நானும் கிளிநொச்சியிலிருந்து அந்த பஸ்ஸில்தான் வருகிறேன். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். அதற்கு வெட்கப்படுகிறேன்.

4. அதன்பின் அவளுடைய பேச்சை நானே எழுதினேன். வெள்ளைக் கோட்டு, ஏழை நோயாளர், இலவச வைத்தியம் எல்லாம் போட்டேன். ஐந்து வருடத்துக்கு முன் வேறொரு பிள்ளைக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மே 17ஆம் திகதி வலயப் போட்டியில் அவள் அதை ஒரு சொல் தப்பாமல் ஒப்புவித்து முதலிடமும் வெற்றிக் கப்பும் பெற்றாள். காலைக் கூட்டத்தில் எங்கள் வருங்கால டொக்டர் என்று அறிவித்தோம், எல்லோரும் கைதட்டினோம்.

5. அடுத்த வாரம் தாயார் லதீபா பாடசாலைக்கு வந்தார். “டீச்சர், பிள்ளை கப்பை அலுமாரிக்கு மேல வைக்க விடுறாளில்லை. பொய் சொல்லி வாங்கினதாம், திருப்பிக் குடுக்கட்டாம்” என்றார். மகளை டொக்டர் என்று அயலவர்கள் கதைப்பது தனக்குப் பிடித்திருந்ததையும் அவர் ஒளிக்கவில்லை. ஆனால் ஜூன் 28 மாகாணப் போட்டிக்கு அந்தப் பேச்சோடு வரமாட்டேன் என்று பிள்ளை ஒரே பிடியாக நிற்கிறது.

6. ஏன் சாரதி என்று அப்போதுதான் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்க எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் சென்றிருக்கிறது. தாயார் மாதமொருமுறை கிளினிக்குக்குப் போக வேண்டியவர். அவர்களுடைய தரிப்பிடத்தில் பெரும்பாலும் அவர் ஒருவர்தான் நிற்பார். ஒரு ஆளுக்காக நிற்பாட்டுவதா என்று பஸ் வந்த வேகத்திலேயே போய்விட்ட நாட்கள் உண்டு. அடுத்த பஸ் மத்தியானத்துக்குப் பிறகு, அதற்குள் கிளினிக் முடிந்துவிடும். “நான் பஸ் ஓடினால் ஒராள் நிண்டாலும் நிப்பாட்டுவன் டீச்சர்” என்றாள். டொக்டரிடம் போய்ச் சேர முடியாதவர்களைப் பற்றி நான் எழுதிய பேச்சில் ஒரு வரியும் இருக்கவில்லை. உயர்ந்தது என்று கரும்பலகையில் எழுதியபோது நான் உத்தியோகத்தின் உயரத்தைத்தான் நினைத்திருந்தேன். இந்தப் பிள்ளையின் மனம் எட்டுகிற தூரத்தை நினைக்கவில்லை.

7. தங்கள் அலுவலகத்தில் விசாரித்தேன். கொடுத்த பிரதியை மாற்ற முடியாது, மாற்றிப் பேசினால் தகுதியிழப்பு, வராவிட்டால் இரண்டாமிடத்துப் பிள்ளைக்கு இடம் போகும் என்று உத்தியோகத்தர் மரியாதையாகவே சொன்னார். விதி வேண்டியதுதான். ஆனால் இது மாணவியின் சொந்த ஆக்கம் என்று அந்தப் பிரதியில் உறுதிப்படுத்திக் கையெழுத்திட்டது நான். கையெழுத்து என்னுடையது, தண்டனை அவளுக்கு என்பது எந்த நியாயமென்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே, என்மேல் எடுக்கவேண்டிய நடவடிக்கையைத் தாங்கள் எடுக்கலாம், எழுத்தில் விளக்கம் தர ஆயத்தமாக இருக்கிறேன். வலய முதலிடத்தை மீளப் பெறுவதாயின் கப்பை நானே கொண்டுவந்து தருகிறேன். அவள் திரும்பவும் நடுவர்கள் முன் பேசட்டும், தோற்றால் தோற்கட்டும். 28ஆம் திகதிக்கு முன் ஒரு தடவை அவளுடைய பேச்சைக் கேட்டு முடிவெடுங்கள் என்பதே என் வேண்டுதல்.

புதிய பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். கடந்த புதன்கிழமை அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் எழுதியது, ஒரு இடத்திலும் திருத்தவில்லை. மூன்று தரம் சொல்லச் சொன்னேன். மூன்று தரமும் வேறு வேறு விதமாகச் சொன்னாள், மூன்றும் நன்றாகவே இருந்தன. பாடமாக்க அவளுக்கு ஒன்றுமில்லை. ஆகையால் அன்றைக்கு அவள் பேசப்போவது இந்தப் பிரதியோடு வரிக்கு வரி பொருந்தாது. அதற்காகப் புள்ளி குறைக்க வேண்டாமென்று நடுவர்களுக்கு அறிவித்துதவுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பூநகரி
திகதி: 16.06.2025

இங்ஙனம்,
முறைப்பாட்டாளரும் எதிராளியுமான
கௌசலா குகதாசன்
(ஒப்பம்)